பின்னிரண்டு சக்கரமும் ஒரு குவளைத் தண்ணீரும்

வத்தேகம வீதியில் எந்த வாகனம் போனாலும் சரி, முன்வாசல் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தபடியே, அது என்ன டயரில் ஓடுகிறது, ரிம் இரும்பா அலோயா, காற்று கூடவா குறைவா என்று நான் சொல்லிவிடுவேன். ஒருமுறை கண்டி பஸ் ஒன்றின் சத்தத்தை வைத்தே அதன் பின்சக்கரம் கழன்றுவரப் போவதைச் சொல்லி, ஒரு பஸ் சனத்தையே காப்பாற்றினேன். சரி, இதில் கொஞ்சம் காற்று அதிகம்தான். நான் சொன்னது உண்மை. ஆனால் அதற்குள் சக்கரம் உருண்டு வந்து எங்கள் வேலியில் சாய்ந்திருந்தது.

எனக்கு டயரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அடுத்த வீட்டுக் கிருஷ்ணராஜ் வழியாக வந்தது. இது அவருடைய கதை.

கிருஷ்ணராஜ் கண்டி மாநகர சபையில் தண்ணீர்க் கட்டணப் பிரிவில் கிளார்க்காக இருந்தவர். குள்ளமான மனிதர். கவுண்டருக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருக்கும்போதே, "இங்க யாரும் இல்லையா?" என்று சனம் கேட்கும். கதிரையில் உட்காருமுன் கைக்குட்டையால் அதைத் துடைப்பார், எழுந்த பிறகும் துடைப்பார். சுற்றறிக்கையில் எழுதியிருப்பதை மீறி அவர் ஒரு முற்றுப்புள்ளிகூட வைத்ததில்லை. அப்படிப்பட்டவர் முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டு, ஒரு தோட்டத்தில் கிடந்த பழைய ஜீப்பை வாங்கி வந்தபோது அவர் மனைவி தர்ஷனா என்னிடம் ஓடி வந்தாள்.

"டீச்சரம்மா, இந்த மனுசனுக்கு என்னாங்க ஆச்சு? ரோட்டக் கடக்கவே என் கையப் புடிப்பாரு!"

ஒன்றும் ஆகவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் எல்லாரையும் மேலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். மலைப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களை ஏற்றிப் போனார். நக்கிள்ஸ் மலை பார்க்க வரும் வெள்ளைக்காரர்களையும் ஏற்றினார்.

ஜீப்போடு வந்த டயர்கள் ஒல்லியானவை. சிறிய இரும்பு ரிம், அதைச் சுற்றி உயரமான ரப்பர். பார்த்தால் சைக்கிள் சக்கரத்துக்கு அண்ணன் போலிருக்கும். ஏறி உட்கார்ந்தால் ஊஞ்சல். கல்லில் ஏறும்போது அந்த ரப்பர் வயிறு அமுங்கிக் கல்லை உள்வாங்கிக்கொள்ளும், நம் முதுகுவரை விடாது. ஆனால் ஊஞ்சலில் போவதற்காகவா அவர் ஜீப் வாங்கினார்?

திகனையில் நஸீமின் டயர் கடைக்கு அவர் போன அன்று நானும் ஓசியில் போயிருந்தேன். நஸீம் பெரிய உருவம், பெரிய குரல். அண்ணன் என்ற முறையில் அவரை எல்லாரும் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். வலக்கண் மட்டும்தான் தெரியும். இடக்கண் பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. கீழிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறி வந்ததாம். "நாளைக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்" என்று இருந்துவிட்டு, கடைசியில் லொறியில் குலுங்கிக் குலுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

கிருஷ்ணராஜ் கடையின் மூலையில் நின்ற அகலமான கறுப்பு அலோய் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் முதலை முதுகு போன்ற டயர்கள்.

"கிளாக்கர், அது உங்கட ஜீப்புக்குச் சரிவராது. பத்து பிளை, பத்து அடுக்கு. கல்லேத்துற லொறி சாமான்" என்றார் நஸீம்.

"கல்லு வெட்டுமா நானா?"

"கல்லு வெட்டாது. கல்லுதான் ஒடயும்."

"அப்ப அதையே போடுங்க."

"இடுப்பு ஒடஞ்சா என்னட்ட வரப்படாது."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே மாட்டியும் விட்டார். வியாபாரிதானே.

அதன் பிறகு அந்த ஜீப்பில் போன பயணத்தை என்னவென்று சொல்ல? லொறிக்குச் செய்த டயர் லொறியின் பாரம் இருந்தால்தான் அமுங்கும். வெறும் ஜீப்புக்கு அது கருங்கல். வழியில் கிடக்கும் கல்லை எடுத்து நம் முதுகெலும்பில் ஒவ்வொன்றாக அடுக்கும். பன்வில சந்தியில் நான் ஒரு கொட்டாவி விட்டேன். என் பல்செட்டு அங்கேயே இறங்கிவிட்டது, நான் வத்தேகமயில்தான் இறங்கினேன். வெள்ளைக்காரர்கள் பாதி வழியில் இறங்கி நடந்தார்கள். ஆனாலும் கிருஷ்ணராஜ் ஒரு வார்த்தை ஒத்துக்கொள்ளவில்லை. "ரோடு சரியில்ல டீச்சரம்மா" என்பார்.

பழைய சக்கரங்கள் நான்கையும் அவர் எறியவில்லை. மூன்று கொட்டிலுக்குள்ளே இருந்தன. நான்காவதற்கு இடமில்லாமல் கிணற்றடியில் சாய்த்து வைத்திருந்தார். மழைக்காலத்தில் டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பி.எச்.ஐ. மாத்தயா, அந்த டயருக்குள் தேங்கிய தண்ணீரையும் அதில் நெளிந்த புழுக்களையும் கண்டுவிட்டுக் கத்தினார். வேறு யாராவது என்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டு டயரை உள்ளே தூக்கி வைப்பார்கள், அல்லது மண்ணைப் போட்டு இஞ்சி நடுவார்கள். நம்மவர் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் அல்லவா? தண்ணீர் தேங்கும் பொருள்களில் துளையிட வேண்டும் என்று பி.எச்.ஐ. தந்த தாளில் இருந்தது. அன்று மாலையே துளையிடும் மெஷினை எடுத்து, நல்ல டயரைச் சல்லடையாக்கி, மறுமுறை வந்த பி.எச்.ஐ.க்குக் காட்டிப் பாராட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்தத் துளைகள் என்ன செய்தன என்பது போன மிளகு அறுவடையின்போதுதான் தெரிந்தது.

தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. நஸீமின் மனைவி ரபீகாவிடமிருந்து கிருஷ்ணராஜுக்கு அழைப்பு வந்தது. கணவனும் மனைவியும் வத்தேகமவுக்கு மேலே மலைக்குள் இருக்கும் தங்கள் மிளகுத் தோட்டத்தில் இருந்தார்கள். காலையில் எழுந்ததும் நஸீமின் வலக்கண்ணில், கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை எழும்பியிருக்கிறது. மிஞ்சியிருந்த ஒரே கண்.

கண் டொக்டர் போனில் சொன்னதை ரபீகா அழுதபடி திருப்பிச் சொன்னாள். விழித்திரை கழன்று வருகிறது. திரை நடுப்பகுதியை மூடுவதற்குள் கண்டிக்குக் கொண்டு வந்தால் பார்வையைக் காப்பாற்றலாம். படுக்க வைத்தே கொண்டுவர வேண்டும். தலை குலுங்கவே கூடாது.

"அம்புலன்ஸ் ஆத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டாதாம். த்ரீவீல்ல ஏத்த ஏலா. உங்கட ஜீப்ப விட்டா வேற ஒண்டுமில்ல கிருஷ்ணராஜ்."

பின்னாலிருந்து நஸீமின் குரல் கேட்டது. "அந்த டயர்லயா? வேணாம் புள்ள! அது நான் வித்த டயர், எனக்குத் தெரியும்தானே!"

கிருஷ்ணராஜ் போனை வைத்துவிட்டுத் தன் அழகான கறுப்புச் சக்கரங்களைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார், எதையும் துடைக்காமல் திரும்பப் பையில் வைத்தார். பிறகு கொட்டிலுக்கு ஓடினார்.

மூன்று சக்கரங்களை உருட்டி வந்தார். நான்காவதை எடுக்கக் கிணற்றடிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். போய்ப் பார்த்தேன். டயரின் துளைகள் வழியாகப் புல் முளைத்து வெளியே வந்திருந்தது.

"நாலும் இருந்தா நாலையும் போட்டிருப்பேன் டீச்சரம்மா" என்றார்.

அந்த அளவு டயர் இப்போது வத்தேகமக் கடைகளில் இல்லை. திகனையில் நஸீமின் கடையில் இருக்கும், ஆனால் கடைச் சாவி மலையில் நஸீமின் தலையணைக்கடியில் இருந்தது. ஆகவே ஒரே வழி: படுக்கை போடும் பின்பக்கத்துக்கு மெத்தென்ற பழைய சக்கரம் இரண்டு, முன்னுக்கு அந்தக் கருங்கற்கள் இரண்டு.

"அப்படியே போட்டுட்டுக் கெளம்புங்களேன்" என்றாள் தர்ஷனா.

"போட்டா ஃபோர் வீல் போட முடியாது" என்றார். முன்சக்கரம் பெரிது, பின்சக்கரம் சிறிது. நான்கையும் சேர்த்து ஓட வைக்கும் அந்தக் குட்டிக் கம்பியை இழுத்தால், ஒன்று ஒரு வேகத்தில் சுற்றும், மற்றது இன்னொரு வேகத்தில் சுற்றும். நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி உடைந்துவிடும். தோட்டத்து வழியில் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. போகும்போது கவலையில்லை, அதில் இறக்கம்தான். திரும்பி வரும்போது ஆற்றைக் கடந்ததும் அதில் ஏற வேண்டும். ஃபோர் வீல் இல்லாமல் அதில் ஏறிய வண்டியை அவர் கண்டதில்லை.

பிடிப்பு வேண்டுமா, குலுங்காமல் வேண்டுமா? இரண்டும் கிடையாது, ஒன்றுதான். அவர் ஜாக்கியை எடுத்தார்.

தர்ஷனா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வீட்டில் நின்றாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் பின்பக்கம் மெத்தை விரித்ததும், தலை வரும் இடத்தில் ஒரு குவளை நிறையத் தண்ணீரை வைத்து, "இதப் பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்" என்று அவர் சொன்னார். நான் ஏறிவிட்டேன். ஜீப் தவளை மாதிரி முன்பக்கம் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

மலைப்பாதை தொடங்கியதும் குவளை கவிழ்ந்தது. "கொட்டிச்சு!" என்று கத்தினேன். அவர் இறங்கி, ஒரு தீக்குச்சியால் பின்டயர்களின் வால்வை அழுத்தினார். ஸ்ஸ்ஸ் என்று காற்று போனது. மறுபடி குவளையை நிரப்பினோம். இம்முறை பாதி சிந்தியது. மறுபடி இறங்கினார், மறுபடி தீக்குச்சி. இப்படியே இறங்கி ஏறி, இறங்கி ஏறி, தோட்டத்து வாசலுக்கு வரும்போது தண்ணீர் விளிம்புவரை ஆடியதே தவிர வெளியே வரவில்லை. முன்சக்கரங்கள் முன்னால் கிடந்து அடித்துக்கொண்டன. அந்த அடி எல்லாம் கிருஷ்ணராஜின் இடுப்புக்கு.

நஸீம் பாயில் மல்லாந்து கிடந்தார். அவ்வளவு பெரிய மனிதர் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார்.

"நானா, எவ்வளவு மறைச்சிருக்கு?"

"ரபீகாட மொகத்துல வாய் தெரியல்ல. மத்ததெல்லாம் ஈக்குது. நிம்மதி."

"இந்த நேரத்துலயும் பகடி!" என்று ரபீகா கண்ணைத் துடைத்தாள்.

பாயோடு தூக்கி ஜீப்பில் ஏற்றும்போது நஸீமின் கை வெளியே நீண்டு பின்சக்கரத்தைத் தடவியது. விரல்கள் ரப்பரை அமுக்கிப் பார்த்தன.

"பழைய டயர். நல்லம். முன்னுக்கு?"

"நீங்க வித்தது."

"அப்ப ஃபோர் வீல் போட ஏலாதே. பாறைய எப்பிடி ஏறுற? நாலு ஈந்திச்சே, மத்த டயர் எங்க?"

கிருஷ்ணராஜ் தலைகுனிந்தார். "ஓட்டை போட்டுட்டேன் நானா."

"என்னத்துக்கு?"

"டெங்குக்கு."

நஸீமின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. ரபீகா பாய்ந்து அவர் தலையை இரு கைகளாலும் பிடித்தாள். "சிரிக்காதீங்க! அல்லாவுக்காக, சிரிக்காதீங்க!"

அவர் உதட்டைக் கடித்து அடக்கினார். "சரி, பாரம் ஏத்துங்க. மிளகு மூட்டைய எனக்கு ரெண்டு பக்கமும் போடுங்க. பாரம் கூடினா பின்சக்கரம் பாறையப் புடிக்கும், குலுக்கமும் கொறயும்."

மூட்டைகளுக்கு நடுவில் நஸீம், தலைமாட்டில் ரபீகா, பக்கப் பலகையில் நான், மெத்தையில் அவர் தோளருகே குவளை. புறப்பட்டோம். கிருஷ்ணராஜ் ஒவ்வொரு கல்லிடமும் அனுமதி கேட்டு ஏறி அனுமதி கேட்டு இறங்கினார். நான் குவளையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ரபீகா கணவனின் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு, "இப்ப? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஆற்றைக் கடந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "மூக்கும் போகப் போகுது."

பாறை எங்களுக்கு முன்னால் பாசி படிந்து, மழையில் மினுங்கிக்கொண்டு நின்றது.

முதல் முறை பாதி ஏறினோம். பின்சக்கரம் வழுக்கிச் சுற்றியது. ரப்பர் கருகும் வாசம் வந்தது. ஜீப் மெல்லப் பின்னால் சரிந்து, அடிவாரத்தில் வந்து நின்றது. கிருஷ்ணராஜின் கை அந்தக் குட்டிக் கம்பியின் மேல் போனது. போட்டால் ஏறலாம்; பாறை நடுவில் பெட்டி உடைந்தால் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. வேகமாக ஓட்டிப் பாய்ந்தாலும் ஏறலாம். ஆனால் நஸீமின் தலை தேங்காய் மாதிரி அடிபடும்.

கையை எடுத்தார். இறங்கினார். ஜீப்பில் கிடந்த வெறும் கோணிச் சாக்குகளைப் பாசியின் மேல் விரித்தார். பிறகு பின்டயரருகில் குந்தித் தீக்குச்சியை வைத்தார்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

மெத்தையில் கிடந்தபடியே நஸீம் கேட்டுக்கொண்டிருந்தார். "போதும்" என்றார்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

"கிளாக்கர், போதும் எண்டேன்! டயர் ரிம்ம விட்டுக் கழண்டா இங்கயே கெடக்க வேண்டியதுதான்!"

வாழ்நாள் முழுதும் மேலிடம் சொன்னதைத் தாண்டாத மனிதர் எழுந்திருக்கவில்லை. "நீங்க கண்ணப் பாத்துக்குங்க நானா. டயர நான் பாத்துக்கிறேன்" என்றார். சத்தம் தொடர்ந்தது. ரப்பர் வயிறு பாறையில் பரந்து படுக்கும்வரை விட்டார். மற்றப் பக்கமும் அப்படியே.

ரபீகா, "கண்ண மூடிட்டு ஓதுங்க" என்றாள். நஸீம் கண்ணை மூடினார்.

ஜீப் ஏறியது. நடப்பதைவிட மெதுவாக. சாக்கு வழுக்கிப் பின்னால் போனது, ரப்பர் விடவில்லை. குழந்தையின் உள்ளங்கை சுவரைப் பிடிப்பது போல அந்த வயிறு பாறையின் ஒவ்வொரு குழியையும் பிடித்துப் பிடித்து ஏறியது. நடுப்பாறையில் ஒருமுறை நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறியது. அந்த ஏற்றத்தில், அந்தப் பாறையில், குவளைத் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றதே தவிர ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நானே என் கண்ணால் பார்த்தேன்.

கொங்கிறீட் பாதை வந்ததும், கொண்டுவந்த சைக்கிள் பம்பால் பின்டயர்களுக்குக் காற்றடித்தார். காற்றில்லாமல் தார் ரோட்டில் ஓடினால் டயர் சூடாகிக் கிழிந்துவிடும். அடித்து அடித்து அந்தக் கைகள் சிவந்தன. வத்தேகமயில் மிச்சக் காற்று, பிறகு கண்டி. ஆஸ்பத்திரி வாசலில் ரபீகா கடைசியாகக் குனிந்து, "இப்ப?" என்று கேட்டாள்.

"மூக்கு இல்ல" என்றார் நஸீம். "கண்ணு ரெண்டும் ஈக்குது."

நடுப்பகுதி தப்பியிருந்தது. அன்றே அறுவைச் சிகிச்சை. வெளியே வாகனங்கள் நிற்கும் இடத்தில் கிருஷ்ணராஜைத் தேடிப் போனேன். பின்சக்கரத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க அழுதார்.

இப்போது நஸீமுக்கு நேர்க்கோடு கொஞ்சம் வளைந்து தெரியும், மற்றபடி கடையில் தானே நின்று வியாபாரம் பார்க்கிறார். முதலை முதுகு டயர்கள் சேரவேண்டிய லொறிக்குப் போய்விட்டன. கிருஷ்ணராஜின் ஜீப்புக்கு நாலு ஒல்லி டயர்களை அவரே தேடிக் கொண்டுவந்தார். ஜீப் முன்பைவிடத் தாழ்ந்துவிட்டது. இப்போது கிருஷ்ணராஜ் எல்லாரையும் நேர்மட்டத்தில்தான் பார்க்கிறார், அது அவருக்குக் குறையாகத் தெரியவில்லை. குவளை ஜீப்பிலேயே இருக்கிறது. ஓட்டைச் சக்கரத்தில் தர்ஷனா இஞ்சி நட்டிருக்கிறாள்.

இதையெல்லாம் எழுதி, பிழை இருந்தால் சொல்லட்டும் என்று நேற்றுத் திகனைக் கடையில் வைத்து வாசித்துக் காட்டினேன். வெளியே கிருஷ்ணராஜ் ஜீப்புக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை" என்ற இடத்தில் ரபீகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "டீச்சர், பாறையில நீங்க முருகா முருகா எண்டு கண்ண இறுக்கி மூடிட்டு ஈந்தீங்க."

நஸீம் சிரிக்கவில்லை. வெளியே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முழுக் குவளையும் என்ட கழுத்துல ஊத்திச்சு டீச்சர். கண்ணுதான் ஒடஞ்சு வழியுது எண்டு நெனச்சேன். சத்தம் போட்டா கிளாக்கர் பாறை நடுவுல நிப்பாட்டிப் போடுவாரு. அதான் பேசாம கெடந்தேன்."